வாசலுக்கு அலுமினியக் கேனோபி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடோ, கடையோ, கிளினிக்கோ, நுழைவாசலுக்கு மேல் கேனோபி, அதாவது சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கூரை, போட வேண்டும் என்று வருகிறவர்கள் முதலில் செல்போனில் ஒரு படத்தைக் காட்டுகிறார்கள். அடுத்து கலர் பற்றிக் கேட்கிறார்கள். எந்தச் சுவரில் மாட்டப் போகிறோம் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். தமிழ்நாட்டில், அதிலும் கடலோர மாவட்டங்களில், கேனோபி கெட்டுப்போவது பெரும்பாலும் அலுமினியத்தால் அல்ல, அது சுவரைப் பிடித்திருக்கும் இடத்தால். அதனால் கீழே சில கேள்விகளுக்கு நீளமாகவும் சிலவற்றுக்கு இரண்டே வரியிலும் பதில் இருக்கும்.

ஏற்கெனவே கான்கிரீட் சன்ஷேடு இருக்கிறது. அப்புறம் கேனோபி எதற்கு?

நம் வீடுகளில் சன்ஷேடு பொதுவாக இரண்டடி, அதாவது 60 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். மழை நேராக விழுந்தால் அது போதும். வடகிழக்குப் பருவமழை காற்றோடு சேர்ந்து சாய்வாக அடிக்கும். செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்து மழை விழுகிறது என்று வையுங்கள். 60 செ.மீ. சன்ஷேடு தனக்குக் கீழே சுமார் ஒரு மீட்டரைத்தான் காக்கும். கதவின் கீழ்ப்பாதி நனையும். மரக்கதவு என்றால் நாலைந்து மழைக்காலத்தில் அடிப்பக்கம் உப்பிவிடும். நீட்டம் 1.2 மீ. ஆனால் 2 மீட்டர் வரையும், 1.5 மீ. ஆனால் 2.6 மீட்டர் வரையும் காப்பு கிடைக்கும்.

அப்படியானால் அளவை எப்படி முடிவு செய்வது?

மேலே சொன்ன கணக்கையே திருப்பிப் போடுங்கள். கேனோபியின் அடிமட்டம் தரையிலிருந்து 2.7 மீ. உயரம் என்றால் 1.5 மீ. நீட்டம் நல்ல அளவு. உயரத்தை 3.5 மீட்டருக்குத் தூக்கினால் முகப்பு கம்பீரமாக இருக்கும், ஆனால் அதே நீட்டத்துக்குக் கீழே நிற்பவர் நனைவார். உயரம் கூடினால் நீட்டமும் கூட வேண்டும். நீட்டம் கூடினால் சுவரின் மேல் விழும் பளுவும் கூடும்.

அகலத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கதவு நிலைக்கு இரண்டு பக்கமும் குறைந்தது 30 செ.மீ. விடுங்கள், முடிந்தால் 45. வாசல் கிழக்கு அல்லது வடக்குப் பார்த்திருந்தால் கூடுதலாகவே விடுங்கள்; நவம்பர் மழை அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

எந்தச் சுவரில் வேண்டுமானாலும் மாட்டலாமா?

இல்லை. கான்கிரீட் பீம், கான்கிரீட் தூண், நல்ல ஆழமுள்ள லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் குறுக்கே போடும் கான்கிரீட் சட்டம்) ஆகியவைதான் நம்பகமான பிடிமானம். கதவுக்கு மேலுள்ள லிண்டல் பல பழைய வீடுகளில் 15 செ.மீ. உயரம்கூட இருக்காது. அதற்கு மேலே செங்கல். கேனோபியைச் சுவரோடு பிடிக்கும் தாங்கிதான் பிராக்கெட். அதன் ஒரு போல்ட் கான்கிரீட்டிலும் அடுத்த போல்ட் செங்கலிலும் விழுந்தால், செங்கலில் இருக்கும் போல்ட் முதலில் தளரும்.

செங்கல் சுவரில் விரியும் வகை ஆங்கர் போல்ட்டை அடிக்கவே கூடாது. அது விரிவதே சுற்றியுள்ளதை நெருக்கிப் பிடிக்கத்தான். அந்த நெருக்கத்தில் செங்கல் விண்டுவிடும். துளையில் பசை ஊற்றி ஒட்டவைக்கும் கெமிக்கல் ஆங்கர் கொஞ்சம் பரவாயில்லை. அதைவிட நல்லது சுவரை ஊடுருவி மறுபக்கம் தகடு வைத்து முறுக்குவது. வீட்டுக்குள்ளே தகடு தெரியும் என்று தயங்குவார்கள். அதைப் பூச்சுக்குள் மறைத்துவிடலாம். ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழிகள் கொண்ட லேசான கட்டி) சுவர் என்றால் ஊடுருவும் போல்ட்டைத் தவிர வேறெதையும் பெரிய கேனோபிக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

சன்ஷேடின் நுனியில் போல்ட் அடித்துக் கேனோபியைத் தொங்கவிடுவதையும் நிறையப் பார்க்கிறேன். சன்ஷேடு தன் எடையைத் தாங்குவதற்காகப் போட்டது. அதன் நுனியில் இன்னொரு பளுவை ஏற்றுவது ஆபத்து. இருபது வருடப் பழைய சன்ஷேடில் உள்ளே கம்பி துருப்பிடித்து அடிப்பக்கம் பொரிந்திருக்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள்.

வீடு இன்னும் கட்டிக்கொண்டிருந்தால் உங்களுக்கு நல்ல வாய்ப்பு. பீம் கான்கிரீட் போடும் முன்பே கேனோபியின் இடத்தைக் குறித்து இன்செர்ட் தகடு (கான்கிரீட்டுக்குள் பதிந்து நிற்கும் தகடு) வைக்கச் சொல்லுங்கள். பூச்சு முடிந்த பிறகு துளை போட்டுக் கம்பியில் முட்டி, இடம் மாற்றி, மறுபடி துளைபோடும் வேலை மிச்சமாகும்.

அலுமினியம் லேசானது. அவ்வளவு பெரிய போல்ட் எதற்கு?

லேசானது என்பதால்தான். கேனோபியைக் கீழே இழுக்கும் எடையைப் பற்றித்தான் எல்லாரும் யோசிக்கிறார்கள். புயல் காற்று அதை மேலே தூக்கும். சுவரில் மோதும் காற்றுக்குப் போக இடமில்லாமல் கேனோபியின் அடியில் அழுத்தம் சேரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காற்றின் பளுவுக்கான இந்தியத் தரக் குறியீடான ஐஎஸ் 875 மூன்றாம் பகுதி (2015) தரும் அடிப்படைக் காற்று வேகம் சென்னைக்கு நொடிக்கு 50 மீ., திருச்சிக்கு 47, மதுரைக்கும் கோவைக்கும் 39. வேகத்தின் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால் அழுத்தம் நியூட்டனில் வரும். சென்னையில் சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன், சுமார் 150 கிலோ. மதுரையில் 93 கிலோ. சுற்றிலும் கட்டடம் இருக்கிறதா, எத்தனையாவது மாடி, கேனோபியின் வடிவம் என்ன என்பதையெல்லாம் பொறுத்து இது ஏறும் இறங்கும். ஒரு மதிப்பீட்டுக்கு இதையே வைத்துக்கொள்வோம்.

கேனோபி 3 மீ. அகலம், 1.5 மீ. நீட்டம், பரப்பு 4.5 சதுர மீட்டர். சென்னையில் அதைத் தூக்கும் விசை சுமார் 680 கிலோ. கேனோபியின் எடை 80 கிலோ என்றால் மிச்சம் 600 கிலோ மேல்நோக்கி. அந்த விசை சுவரிலிருந்து 75 செ.மீ. தள்ளிச் செயல்படும். பிராக்கெட்டில் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடைவெளி 15 செ.மீ. என்றால், கீழ் வரிசைப் போல்ட்டுகளை வெளியே பிடுங்கும் விசை மொத்தம் 3,000 கிலோ. நாலு பிராக்கெட் இருந்தால் ஒவ்வொன்றிலும் 750 கிலோ. அதே பிராக்கெட்டை உயரமாக்கி இடைவெளியை 30 செ.மீ. ஆக்கினால் இது பாதியாகிவிடும். அரையடி உயரம் கூடுதலாகப் போடும் பிராக்கெட் எவ்வளவு வேலை செய்கிறது பாருங்கள்.

இதில் பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. சொந்த எடை மேல் போல்ட்டைப் பிடுங்கும். காற்று தூக்கும்போது கீழ் போல்ட் பிடுங்கப்படும். மேலே 12 மி.மீ. போல்ட்டும் கீழே பேருக்கு ஒரு 8 மி.மீ. போல்ட்டும் போட்டிருந்தால் அது புயலைக் கணக்கில் எடுக்காத வேலை.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. 2018 நவம்பர் 16 அன்று கஜா டெல்டாவை உலுக்கியது. பத்து வருடம் நிற்க வேண்டிய ஒரு கேனோபி இங்கே குறைந்தது ஒரு புயலையாவது பார்க்கும் என்று வைத்தே செய்ய வேண்டும்.

மேலே சுவரிலிருந்து சாய்வாகக் கம்பி கட்டித் தொங்கவிடுகிறார்களே, அது பாதுகாப்பானதா?

இப்படி டை ராட் (இழுத்துப் பிடிக்கும் சாய்வுக் கம்பி) வைத்த கேனோபி அழகானது, கீழ்நோக்கிய பளுவை நன்றாகத் தாங்கும். ஆனால் மெல்லிய கம்பி இழுவையைத்தான் தாங்கும், அழுத்தத்தைத் தாங்காது. காற்று தூக்கும்போது கம்பி வளைந்துகொடுக்கும். அந்த நொடியில் கேனோபிக்கு சுவர்ப் பக்க பிராக்கெட் மட்டுமே துணை. அது வெறும் கீல்போல இருந்தால் கேனோபி மேலே மடங்கும். கடலோரத்தில் டை ராட்தான் வேண்டும் என்றால் கம்பிக்குப் பதில் தடித்த குழாயாகக் கேளுங்கள், அல்லது சுவர் பிராக்கெட்டையே தூக்கு விசைக்கும் கணக்கிடச் சொல்லுங்கள்.

மருத்துவமனைக்குப் போடுகிறோம். கணக்கு மாறுமா?

மாறும். அதே ஐஎஸ் 875, கிழக்குக் கடற்கரையிலிருந்து 60 கி.மீ. அகலப் பட்டைக்குள் இருக்கும் கட்டடங்களுக்கு முக்கியத்துவக் குணகம் ஒன்றை வைத்திருக்கிறது. சாதாரண வீட்டுக்கு 1.0, தொழிற்கூடத்துக்கு 1.15. புயலுக்குப் பிறகும் இயங்கியாக வேண்டிய மருத்துவமனை போன்றவற்றுக்கு 1.3. இது வேகத்தைப் பெருக்குவது. அழுத்தம் 69 சதவீதம் கூடிவிடும். புயல் இரவில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் இடம் அது. இங்கே கட்டாயம் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரின் கையெழுத்து வேண்டும். ஆம்புலன்ஸ் உயரத்துக்கும், தீயணைப்பு வண்டி போகும் பாதைக்கும் தடையில்லை என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

இரும்பில் செய்தால் மலிவு. அலுமினியம் ஏன்?

உப்புக் காற்றுதான் முதல் காரணம். பெசன்ட் நகரிலோ தூத்துக்குடியிலோ கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் இரும்பு கேட்டை எத்தனை தடவை பெயின்ட் அடிக்கிறார்கள் என்று கேட்டால் தெரியும். அலுமினியம் தன் மேல் தானே ஒரு ஆக்சைடு படலத்தைப் போட்டுக்கொள்கிறது. எடையும் இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரே அளவு செக்ஷனில் (சட்டம் செய்யும் குழாய், கோணம் போன்ற நீளத் துண்டு) அலுமினியம் இரும்பைவிட மூன்று மடங்கு வளையும். அதனால் இரும்பு டிசைனை அப்படியே அலுமினியத்துக்கு மாற்ற முடியாது. தடிமனைக் கூட்டுவதைவிடச் செக்ஷனின் ஆழத்தைக் கூட்டுவது பலன் தரும்: 100 மி.மீ. ஆழத்துக்குப் பதில் 150 மி.மீ. குழாய் போட்டால் விறைப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஏறும்.

கலவையைப் பொறுத்தவரை, ஜன்னல் செக்ஷன்களில் வருவது பெரும்பாலும் 6063 என்ற எண்ணுள்ள அலுமினியக் கலவை. மேற்பரப்பு வழவழப்பாக வரும், பவுடர் கோட்டிங் நன்றாகப் பிடிக்கும். முக்கியப் பளு தாங்கும் கைகளுக்கு 6061-டி6 வலுவானது. ஆனால் வெல்டிங் வைத்த இடத்தில் அந்த வலு பாதியை நெருங்கும் அளவுக்குக் குறைந்துவிடும். சுவரை ஒட்டிய இடத்தில்தான் பளு அதிகம். அங்கே வெல்டிங்கைத் தவிர்த்து போல்ட் இணைப்பு வைப்பது நல்ல ஃபேப்ரிகேட்டரின் அடையாளம்.

எங்களுக்கென்று தனி வடிவத்தில் செக்ஷன் செய்து தருவார்களா?

தருவார்கள். ஆனால் அதற்குத் தனி டை (அலுமினியத்தைப் பிதுக்கி வடிவம் தரும் அச்சு) செய்ய வேண்டும், குறைந்தபட்ச எடைக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். ஒரு வீட்டு வாசலுக்குக் கட்டுப்படியாகாது. பல கிளைகளுள்ள கடைக்கு யோசிக்கலாம். வளைவு வேண்டும் என்றால் கிடைக்கும் செக்ஷனையே ரோலிங்கில் வளைத்துவிடலாம். வளைவின் ஆரம் சின்னதானால் குழாயின் உள்பக்கம் சுருங்கி மடியும், அதனால் முதலில் ஒரு மாதிரித் துண்டு வளைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

"அலுமினிய கேனோபி" என்று மலிவாகக் கொட்டேஷன் வந்திருக்கிறது. நம்பலாமா?

உள்ளே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பல இடங்களில் உள்சட்டம் இரும்புக் குழாய், மேலே ஏசிபி (அலுமினியத் தோல் ஒட்டிய கூட்டு ஷீட்) போர்த்தியிருப்பார்கள். தோற்றத்தில் வித்தியாசமே தெரியாது. ஏசிபி இணைப்புகளில் சிலிக்கான் தளர்ந்து தண்ணீர் உள்ளே போனதும் இரும்பு மூடிய பெட்டிக்குள் துருப்பிடிக்கும். அது வெளியே தெரியும்போது சட்டம் அரித்துப்போயிருக்கும். இரும்புச் சட்டமே தப்பில்லை. கால்வனைஸ் செய்த (ஜிங்க் பூச்சு ஏற்றிய) குழாயாக இருந்து, வெல்டிங் இடங்களில் ஜிங்க் பெயின்ட் அடித்து, தண்ணீர் வெளியேற வழி வைத்தால் சரி. அலுமினியம் என்று விலை வாங்கிக்கொண்டு இரும்பை வைப்பதுதான் தப்பு. வேலை நடக்கும்போது, மூடும் முன், ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். அலுமினியத்தில் ஒட்டாது.

மேலே எதைப் போர்த்துவது?

கெட்டியான அலுமினியத் தகடு, 2 அல்லது 3 மி.மீ.: என் முதல் தேர்வு. விலை கூடுதல், பிரச்சினை குறைவு. மழைச் சத்தம் கேட்கும். தகட்டின் அடியில் ஒலி அடக்கும் ஷீட் ஒட்டினால் பெருமளவு குறையும்.

ஏசிபி: பொதுவாக 4 மி.மீ.; மெல்லிய இரண்டு அலுமினியத் தோல்களுக்கு நடுவே ஒரு உள்பொருள். அந்த உள்பொருள் சாதாரண பாலித்தீன் என்றால் நன்றாக எரியும். லண்டனில் கிரென்ஃபெல் டவர் 2017 ஜூன் 14 அன்று எரிந்து 72 பேர் இறந்தார்கள். தீ மேலேறிப் பரவ முக்கியக் காரணம் வெளிச்சுவரில் பதித்திருந்த பாலித்தீன் உள்பொருள் கொண்ட இத்தகைய ஷீட். வாசல் கேனோபி சின்னதுதானே என்று நினைக்கலாம். ஆனால் தீப்பிடித்தால் எல்லாரும் ஓடிவரும் வழி அதற்கு அடியில்தான். எஃப்ஆர் (தீ பரவுவதைத் தடுக்கும்) வகைதான் வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள்; ஷீட்டின் பின்பக்கம் அச்சடித்த விவரத்தைப் பாருங்கள்.

பாலிகார்பனேட்: வெளிச்சம் வேண்டும் என்பவர்களுக்கு. யுவி பூச்சு உள்ள பக்கம் மேலே வர வேண்டும். இதைக் கவிழ்த்துப் போட்டுவிட்டால் சீக்கிரமே மஞ்சளாகிவிடும். அலுமினியத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு விரியும் பொருள், அதனால் ஸ்குரூ துளையைப் பெரிதாகப் போட வேண்டும்.

கண்ணாடி: தலைக்கு மேல் என்றால் லேமினேட்டட் மட்டுமே. வெறும் டஃபன்ட் (சூடேற்றி வலுவாக்கிய) கண்ணாடி சில சமயம் காரணமே தெரியாமல் நொறுங்கிக் கொட்டும். லேமினேட்டட் உடைந்தாலும் நடுவிலுள்ள படலம் துண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் தென்னை மரம் இருந்தால் கண்ணாடியை மறந்துவிடுங்கள்.

கடலுக்குப் பக்கத்தில் எந்தக் கோட்டிங்?

பவுடர் கோட்டிங் 60 முதல் 80 மைக்ரான் இருக்க வேண்டும். சின்ன மீட்டர் வைத்து உங்கள் கண்முன்னே அளந்து காட்டச் சொல்லலாம். தடிமனைவிட முக்கியம் பவுடரின் தரம். அமெரிக்க ஏஏஎம்ஏ தரத்தில் 2603 என்பது ஃபுளோரிடா வெயிலில் ஒரு வருடச் சோதனை, 2604 ஐந்து வருடம், 2605 பத்து வருடம். உள்ளூர் வீடுகளுக்கு 2604க்கு நிகரான சூப்பர் டியூரபிள் பவுடர் போதும். கடற்கரைச் சாலை ஹோட்டல் என்றால் பிவிடிஎஃப் (வெயிலுக்கும் உப்புக்கும் நீண்ட நாள் தாங்கும் ஃபுளோரின் வகை) கோட்டிங்குக்குப் போங்கள். அனோடைசிங் (மின்சாரம் பாய்ச்சி ஆக்சைடு படலத்தைத் தடிமனாக்குவது) விரும்பினால் கடலோரத்துக்கு 25 மைக்ரான்.

வெட்டுவதும் துளையிடுவதும் கோட்டிங்குக்கு முன்னால் முடிய வேண்டும். மாட்டும் இடத்தில் வெட்டினால் அந்த விளிம்பிலிருந்துதான் கோட்டிங் உரியத் தொடங்கும். கலருக்கு ஆர்ஏஎல் என்ற நிற அட்டவணையின் எண்ணைக் குறியுங்கள்: 7016 கரும் சாம்பல், 9005 கறுப்பு, 8017 சாக்லேட். "டார்க் கிரே" என்று வாயால் சொன்னால் ஒவ்வொருவர் ஒவ்வொன்றைப் புரிந்துகொள்வார்.

ஸ்குரூ, போல்ட் எல்லாம் எஸ்எஸ் 316 (உப்பைத் தாங்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்). சாதாரண இரும்பு போல்ட்டும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும். எஸ்எஸ் போட்டாலும் நடுவில் நைலான் அல்லது ஈபிடிஎம் (ஒரு வகை ரப்பர்) வாஷர் வேண்டும். ஈரமான சிமென்டும் அலுமினியத்தை அரிக்கும். சுவரைத் தொடும் முகத்தில் ஈபிடிஎம் பட்டை வையுங்கள்.

வெயிலில் விரியுமா?

விரியும். 6 மீ. நீளக் கறுப்புச் சட்டம் விடிகாலையிலிருந்து நடுமதியத்துக்குள் 40 டிகிரி சூடேறினால் 5 மி.மீ.க்கு மேல் நீளும். இரண்டு முனையையும் இறுக்கிவிட்டால் அது சுவரைத் தள்ளும், இல்லையென்றால் தானே வளையும். ஒரு முனை நிலையாக, மறுமுனை நீள்துளையில். மதியம் "டக் டக்" என்று சத்தம் வருகிறது என்ற புகாருக்கும் இதுதான் மருந்து.

தண்ணீர் எங்கே போகும்?

மட்டமாகத் தெரியும் கேனோபிக்கும் உள்ளே வாட்டம் வேண்டும். 1.5 மீட்டருக்கு 30 மி.மீ. இறக்கம் குறைந்தபட்சம். முன்பக்கம் வாட்டம் விட்டால் வாசலில் நுழைபவர் தலையில் தண்ணீர்த் திரை விழும். நான் விரும்புவது பக்கவாட்டிலோ பின்பக்கக் கட்டரிலோ (தண்ணீர் ஓடும் வாய்க்கால்) சேர்த்துப் பைப் வழியாக இறக்குவது. ஒரு மணி நேரத்தில் 60 மி.மீ. கொட்டினால் நம் 4.5 சதுர மீட்டரில் 270 லிட்டர் சேரும். அதோடு மேல் சுவரில் வழியும் தண்ணீரும் வரும். வேப்பிலை விழும் இடத்தில் ஒரு வாய் அடைபட்டால் கேனோபி தொட்டியாகிவிடும், அதனால் இரண்டு வாய் வையுங்கள்.

சுவர் சந்திப்பில் வெறும் சிலிக்கான் பூசிவிட்டுப் போவது ஒரு மழைக்காலத்துக்குத்தான் தாங்கும். பூச்சில் காடி வெட்டி, தகட்டை அதற்குள் செருகி, பிறகு நியூட்ரல் வகை சிலிக்கான் அடைக்க வேண்டும். புளித்த வாடை அடிக்கும் சிலிக்கான் சிமென்ட் பரப்பில் பிடிக்காது.

லைட், பெயர்ப் பலகை பிறகு வைத்துக்கொள்ளலாமா?

இடத்தையாவது இப்போதே சொல்லுங்கள். ஒயர் போகும் குழாய் சட்டத்துக்குள் முன்பே இருக்க வேண்டும். பிறகு துளையிட்டால் அதுவே ஒழுகும் வாய். லைட் ஐபி 65 (தூசும் மழைத் தண்ணீரும் புகாத வகை), டிரைவரை (லைட்டுக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி) எட்டிக் கழற்றும் இடத்தில் வையுங்கள். கேனோபி முழுக்க உலோகம், மழையில் நனைவது, ஆட்கள் தொடுவது. எர்த் இணைப்பும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் லைட் போட விடாதீர்கள். நின்ற வாக்கில் வைக்கும் பலகை காற்றைப் பிடிக்கும் பாய்மரம். அதன் அளவைப் பொறியாளரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

மேலே ஆள் ஏறலாமா?

நீங்கள் ஏறாவிட்டாலும் ஏசி மெக்கானிக் ஏறுவார். ஒரு ஆளின் எடையை நுனியில் தாங்கும்படி சட்டத்தைக் கணக்கிடச் சொல்லுங்கள். அப்படிச் செய்யாத கேனோபியில் "மேலே கால் வைக்காதீர்கள்" என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

அனுமதி வேண்டுமா?

சாலைக்கு மேலே நீட்டக் கூடாது. உங்கள் எல்லைக்குள்ளேயே இருந்தாலும் காலியாக விட வேண்டிய இடத்தில் எவ்வளவு நீட்டலாம் என்பதை மாநகராட்சி அல்லது நகராட்சியில் கேட்டுக்கொள்ளுங்கள். அடுக்குமாடி என்றால் சங்கத்தின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

கொட்டேஷனில் எதைப் பார்ப்பது?

"சதுர அடிக்கு இவ்வளவு" என்ற ஒரே வரியை ஏற்காதீர்கள். அலுமினியம் எடைக்கு விற்கும் பொருள். சட்டத்தின் மொத்த எடை எத்தனை கிலோ, செக்ஷன் அளவு, சுவர்த் தடிமன் மில்லிமீட்டரில், கலவை, கோட்டிங் வகை, மேல்ஷீட்டின் பிராண்டும் வகையும், ஆங்கரின் விட்டமும் ஆழமும், எஸ்எஸ் தரம் எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். கேஜ் கணக்கு வேண்டாம். அட்டவணைக்கு அட்டவணை ஒரே கேஜ் எண்ணுக்குத் தடிமன் மாறும். இரண்டு கொட்டேஷனில் எடை மட்டும் கணிசமாக வேறுபட்டால், குறைந்த விலையின் ரகசியம் அங்கேதான் இருக்கும்.

அளவெடுப்பது டைல்ஸும் கிளாடிங்கும் முடிந்த பிறகு. சுவர் தூக்காக இல்லாமல் ஒரு அங்குலம் சாய்ந்திருப்பது சாதாரணம். தூக்குக்குண்டு விட்டுப் பார்க்காமல் அளவெடுப்பவரை மறுபடி வரச் சொல்லுங்கள்.

பராமரிப்பு?

கடலோரத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரும் மிதமான சோப்பும். டைல்ஸ் கழுவும் ஆசிட் கேனோபி மேல் படவே கூடாது. கோட்டிங்கையும் தின்னும், அலுமினியத்தையும் தின்னும். அக்டோபருக்கு முன் இலைகளை அள்ளிவிட்டு, தண்ணீர் வாய்களில் ஒரு வாளி ஊற்றிப் பாருங்கள்.

பழைய கேனோபி லேசாக ஆடுகிறது. கழற்ற வேண்டுமா?

முதலில் ஆட்டம் எங்கே என்று கண்டுபிடியுங்கள். ஒருவர் நுனியை மெதுவாக மேலே தூக்கிப் பார்க்கட்டும், இன்னொருவர் ஏணியில் நின்று பிராக்கெட்டைக் கவனிக்கட்டும். பிராக்கெட் அசையாமல் சட்டம் மட்டும் அசைந்தால் இணைப்பு போல்ட் தளர்ந்திருக்கிறது, முறுக்கினால் தீரும். பிராக்கெட்டும் சுவரும் சேரும் கோட்டில் மயிரிழை திறந்து மூடினால், அல்லது போல்ட்டைச் சுற்றிப் பூச்சு வட்டமாக வெடித்திருந்தால், ஆங்கர் போய்விட்டது. அதை முறுக்கி இறுக்கப் பார்க்காதீர்கள், அதே துளையில் பெரிய போல்ட்டும் அடிக்காதீர்கள். கீழே முட்டுக் கொடுத்து, ஆட்கள் நடக்காதபடி வழியை மாற்றிவிட்டு, புதிய இடத்தில் கான்கிரீட்டைத் தேடிப் பிராக்கெட்டை மாற்றி வைக்க வேண்டும். புயல் எச்சரிக்கை வந்திருக்கும் நாளில் இது தெரியவந்தால் மேல்ஷீட்டை மட்டுமாவது அன்றே கழற்றிவிடுங்கள். காற்று பிடிக்கப் பரப்பு இல்லாத வெறும் சட்டத்துக்கு அவ்வளவு ஆபத்தில்லை.